அக்காவின் பதில் வரும் வரை

ரயில் நிலைய முன்பதிவு கவுண்ட்டரில் இருந்த அக்காவுக்குப் பட்டாசு என்று பேர். வரிசையில் நிற்பவர் வாயை மூடுவதற்குள் சீட்டை நீட்டிவிடுவாள். "மேல் படுக்கைதான் இருக்கு, ஏணி வீட்லேர்ந்து கொண்டு வர்றீங்களா?" என்பாள். கோபமாக வந்தவர்களும் சிரித்துவிடுவார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளாத அவளும், புருஷனை இழந்த தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஐம்பத்தாறு வயதில் பட்டாசு நமுத்துப்போனது. எதைக் கேட்டாலும் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். வரிசையில் சத்தம் எழவே, அலுவலகம் அவளைப் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றியது. தங்கைக்கு இதெல்லாம் வீம்பாகப் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "நான் இங்க இருக்கறது உனக்குப் பாரமா? வாயத் திறந்து சொல்லுக்கா!"

அக்கா பேசவில்லை. தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். ஏழு மாதம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அக்கா குளியலறையில் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். விஷயம் கேட்டு ஓடிவந்த தங்கைக்கு டாக்டர் படத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

"வெளிப்பக்கம் சாம்பல் நிறமா இருக்கே, யோசனை, பேச்செல்லாம் இங்கதான். இது அவ்வளவா கெடல. உள்ள இருக்கற வெள்ளைப் பகுதிதான் சேதிய இங்கேயும் அங்கேயும் கொண்டுபோகும். அங்க பொடிப்பொடியா ரத்தக்குழாய் அடைச்சுப் பக்கவாதம் வந்திருக்கு. கை கால் விழாததால யாருக்கும் தெரியல."

"அப்போ நான் கேட்டதெல்லாம் அவளுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சிருக்கும்மா. பதில் வரத்தான் நேரமாகும்."



தங்கை அன்றே பெட்டியோடு திரும்பி வந்தாள். காத்திருக்கப் பழகினாள். எதையாவது கேட்டுவிட்டு நாலு துணி மடிப்பாள், பதில் வந்துவிடும். ஒரு மத்தியானம், எதுவும் கேட்காமலே அக்கா சொன்னாள்: "அன்னிக்கு... இருடின்னு சொல்லத்தான் வந்தேன். நீ படியிறங்கிட்டே."

தங்கை முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வருஷம் இன்னொரு சின்ன அடைப்பு. இந்த முறை சாம்பல் நிற ஓரத்தில், பேச்சுக்கான இடத்திலேயே. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வார்த்தை வரவில்லை. அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பேரைத் தேடித் தவித்தாள். பிறகு தேடுவதும் நின்றது.

இப்போது தங்கை தலை வாரிவிடும்போது அக்கா அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். பாசத்திலா, விழுந்துவிடுவோம் என்ற பயத்திலா, தங்கைக்குத் தெரியவில்லை. கையை மட்டும் அவள் விலக்குவதில்லை.