கைக்குப் பின்னால் வந்த பாட்டு

கையை உயர்த்தி, விரல்களை லேசாக மடக்கி, கண்ணை மூடிக்கொண்டு அவர் நின்ற அந்த ஒரு கணம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபம். பங்குனி வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் படுத்துக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் நாங்கள் பட்டுப் புடவையில், மல்லிகைப் பூவும் வியர்வையுமாக வரிசையாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தோம். பாட்டு மூலையில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது. எதிரே கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு அவர் காற்றில் கையை வீசிக்கொண்டிருந்தார். வெளியே நின்று யாராவது பார்த்திருந்தால் கனவில் நடக்கிற கச்சேரி என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்த வீடியோவைத்தான் ஒரு வேலைக்காகக் கடல் தாண்டி அனுப்பி வைத்தோம்.

அவரை எல்லோரும் டைரக்டர் என்று கூப்பிடுவார்கள். மியூசிக் டைரக்டர். எனக்கு டைரக்டர் அண்ணன். மதுரையைச் சுற்றி எந்த ஊர் அம்மன் கோயில் திருவிழாவானாலும் குழாய் ஸ்பீக்கரில் கேட்கிற பாட்டுகளில் ஒன்றிரண்டு அவர் போட்ட மெட்டாக இருக்கும். ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் பாட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழாப் பாட்டு எதையும் விடமாட்டார். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் அவருடைய ரெக்கார்டிங் அறை. சுவர் முழுக்க மெத்தை ஒட்டியிருக்கும், ஜன்னல் கிடையாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் மழையா வெயிலா என்று தெரியாது. சில நாள் நான் வெளியே வரும்போது இருட்டியிருக்கும். மலைப் பக்கம் மயில் கத்தும். எந்த ஊரில் நிற்கிறோம் என்றே ஒரு நிமிஷம் விளங்காது. திருமங்கலத்தில் ஒரு டைல்ஸ் கடையில் காலையில் பில் போட்டுவிட்டு, மத்தியானம் பஸ் ஏறி வந்து அங்கே டிராக் பாடுவது என் வேலை. பெரிய பாடகர் வந்து பாடுவதற்கு முன்னால் அவருக்கு வழிகாட்டப் பாடி வைப்பதுதான் டிராக். அவர் வந்து பாடிப் போனதும் என் குரலை அழித்துவிடுவார்கள். மானம் ரோஷம் பார்த்தால் அந்த வேலை செய்ய முடியாது. எனக்கு அது குறைச்சல்தான். அண்ணனுக்கு எனக்கும் சேர்த்து இருந்தது.

அவர் மெட்டுப் போடுகிற அழகைச் சொல்ல வேண்டும். வரிகள் வருவதற்கு முன்னால் மெட்டுக்கு வாயில் வந்ததைப் போட்டுப் பாடுவார். கண் முன்னால் என்ன இருக்கிறதோ அதுதான் பாட்டு. டீ ஆறிப் போயிருந்தால் ஆறின டீயைப் பற்றி ஓர் உருக்கமான பல்லவி வரும். சும்மா சொல்லக் கூடாது, பிற்பாடு கவிஞர் எழுதித் தந்த எத்தனையோ வரிகளைவிட எனக்கு அந்த டீப் பல்லவிதான் பிடித்திருந்தது. ஆனால் பதிவு என்று வந்துவிட்டால் ஒவ்வொரு குரலாகத்தான் எடுப்பார். காதில் ஹெட்போன், அதில் டிக் டிக் என்று தாளம் சொல்கிற ஒரு சத்தம். அதைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாகப் பாட வேண்டும். அவர் பிறகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோத்து ஒரு கூட்டமே பாடுவது போல ஆக்கிவிடுவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நாங்கள் வருஷக்கணக்கில் சேர்ந்து பாடியிருக்கிறோம்.

அண்ணி நர்ஸ். கல்யாணம் ஆன நாளிலிருந்து வீடு ஓடியது அவர் சம்பளத்தில்தான். அதைப் பற்றி அண்ணி வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊர் சொல்லாமல் விட்டதும் இல்லை. அண்ணிக்கு அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. முதலில் தனியாகப் போனார். பிறகு லீவில் வந்து மகளையும் கூட்டிக்கொண்டு போனார். பாப்பாவுக்கு அப்போது ஆறு வயது. கணவர் என்ற முறையில் அண்ணனும் கூடவே போயிருக்கலாம். டிபெண்டன்ட் விசா என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே மனுஷனுக்கு முகம் சுண்டிப்போகும். "பொண்டாட்டி கூட்டிட்டுப் போனான்னு ஒரு பய சொல்லிறக் கூடாது தாயி. நான் போனா என் வேலைக்குத்தேன் போவேன். என் பேருக்கு விசா வரணும்" என்பார். கூடப்போய் இருந்தால் பாப்பா பக்கத்தில் இருப்பாள். போகாவிட்டால் பாப்பா போனில் இருப்பாள். அவர் போனைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு எரிச்சலாக வரும். "ரோசத்த வச்சு ரசமா வைக்கப் போறீக?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். சிரித்துவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அப்புறம் தொடங்கியது வேட்டை. தன்னை வேலைக்கு எடுக்கிற இடமே விசாவுக்கும் பொறுப்பேற்றுக் கூப்பிட வேண்டும். அப்படிப்பட்ட இடமாகத் தேடினார். மெத்தைச் சுவருக்குள் மானிட்டர் வெளிச்சம் முகத்தில் நீலமாக அடிக்க, விதவிதமான ஊர்களின் பெயர்களை மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டிருப்பார். 'இங்கே வேலை செய்ய உங்களுக்கு ஏற்கெனவே உரிமை இருக்கிறதா?' என்று ஒவ்வொரு விண்ணப்பமும் முதலில் கேட்கும். "இருந்தா நான் ஏம்ப்பா ஒங்கிட்ட வந்து நிக்கப் போறேன்?" என்று கம்ப்யூட்டரோடு சண்டை போடுவார். ஓர் ஏஜென்ட் சமையல்காரர் விசாவில் போய்விட்டு அங்கே இசையமைக்கலாம் என்று யோசனை சொன்னான். அன்றைக்கு முழுக்க அண்ணன் சாம்பாரைப் பற்றிப் பல்லவி போட்டார். முதலில் அயர்லாந்தில் மட்டும்தான் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு பக்கத்து நாடுகள், பிறகு கனடா, பிறகு எங்கெங்கோ. அண்ணி போனில் கேட்டால், "மொதல்ல வெளிய வந்துருவோம், அங்கிருந்து மாத்திக்கிருவோம்" என்பார். நானும் அது சரி என்றுதான் நினைத்தேன்.

நியூசிலாந்தில் ஒரு பள்ளிக்கூடம் மியூசிக் டைரக்டர் தேடியது. பிள்ளைகளின் பாட்டுக் குழுவையும் வாத்தியக் குழுவையும் நடத்த வேண்டும். விசாவுக்கு அவர்களே பொறுப்பு. ஒரு குழுவை நடத்துகிற வீடியோ கேட்டார்கள். எங்கள் தொழிலில் வீடியோ என்றால் பாட்டை முன்னாலேயே பதிவு செய்து, ஸ்பீக்கரில் போட்டு, அதற்கு வாயசைப்பதுதான். வேறு விதமாக எடுக்கலாம் என்று எங்களில் ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை. இது ஏமாற்று வேலை என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களை ஒரு மாதிரிப் பார்த்திருப்போம். அண்ணனுக்குக் கோரஸ் பாடுகிற பஜனைக் குழு அக்காமார், சர்ச்சில் பாடுகிற இரண்டு பேர், நான் என்று எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சீவிச் சிங்காரித்துக்கொண்டு போய் வாயசைத்துவிட்டு வந்தோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இசை அருமையாக இருக்கிறது. ஆனால் பாட்டு உங்கள் கைக்குப் பின்னால் வரவில்லை, உங்கள் கைதான் பாட்டுக்குப் பின்னால் போகிறது. நேரலையில் ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுங்கள், நாங்கள் இங்கிருந்து பார்க்கிறோம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "கண்டுபுடிச்சுட்டாய்ங்க தாயி" என்றார். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. எனக்கும் தெருவில் விழுந்த மாதிரி வெட்கமாக இருந்தது.

மே மாத லீவில் அதே மண்டபம் கிடைத்தது. அவர்களுக்கு மத்தியானம், எங்களுக்குக் காலை. செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தோம். திரையில் அந்தப் பள்ளிக்கூடத்து ஆட்கள், மூன்று முகங்கள். அண்ணன் கையை உயர்த்தி வீசினார். ஒருத்தியும் பாடவில்லை. எல்லோரும் காதில் டிக் டிக் கேட்கும் என்று காத்துக்கொண்டு நிற்கிறோம்! மறுபடியும் கையை உயர்த்தினார். ஆளுக்கொரு பக்கம் தொடங்கி ஆளுக்கொரு பக்கம் முடித்தோம். அடக் கடவுளே, பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு நாள் அது, யாருக்கும் ஞாபகமில்லை. மின்விசிறிகள் மெல்ல மெல்லச் சுற்றி நின்றன. அத்தனை நேரம் அந்தச் சத்தத்துக்குள் இருந்தோம் என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. வேப்பமரத்தில் ஏதோ குருவி. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன்.

அண்ணன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கொண்டுவந்திருந்த பாட்டை விட்டுவிட்டார். ஹாரன் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில், "திருமங்கலம் பஸ்ஸு போயிருச்சே" என்று இழுத்தார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடப்பக்கம் நின்றவர்களைப் பார்த்து "போயிருச்சே" என்றார்; அவர்கள் பாடினார்கள். வலப்பக்கம் திரும்பி, அதற்கு மேலே ஓர் இடத்தைக் கையால் தொட்டுக்காட்டி, "இனி எப்ப வரும்" என்றார், நாங்கள் பாடினோம். கை முன்னால் போக, குரல்கள் அதன் பின்னால் போயின. அவர் உள்ளங்கையைத் தாழ்த்தினால் மண்டபமே தாழ்ந்தது. அண்ணன் மெட்டை முதல் தடவையாக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு பாடினோம். எவ்வளவு நேரம் பாடினோமோ தெரியாது. வெயில், வியர்வை, செல்போன் எல்லாம் எங்கோ போய்விட்டன. அழிக்க முடியாத ஒரு குரல் எனக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முடிந்ததும் திரையில் இருந்த பெரியவர், பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பஸ்ஸை விட்டுவிட்டோம் ஐயா என்று அண்ணன் இங்கிலீஷில் சொன்னார். அங்கே மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. விசாவுக்கான ஏற்பாட்டைத் தொடங்குவதாக எழுதினார்கள். எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, என்னை வைத்துக்கொண்டே அண்ணிக்கு வீடியோ கால் போட்டார். அண்ணி முழுசாகக் கேட்டார். சந்தோஷம் என்றார். பிறகு, "என்னங்க, அங்கயிருந்து இங்க வாரதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?" என்று கேட்டார். அண்ணன் அதைப் பார்த்திருக்கவில்லை. நான்தான் என் போனில் பார்த்தேன். மதுரையிலிருந்து போவதைவிட அங்கிருந்து போவது இன்னும் தூரம். என் முகத்தைப் பார்த்தே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலிருந்து பாப்பா, "அப்பா வர்றாங்களாம்மா?" என்று கேட்டாள். "அப்பாவுக்கு வேலை கெடச்சிருக்கு" என்றார் அண்ணி. கோபமே இல்லாத குரலில் அண்ணனிடம் சொன்னார்: "எங்களத் தேடித்தேன் கெளம்புனீங்க. எங்க போயி நிக்கிறீங்கன்னு பாருங்க."

அதன் பிறகு அவர் சில நாள் மெத்தை அறைக்குள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு மத்தியானம் நான் உள்ளே போனபோது, "வரலைன்னு எழுதிட்டேன் தாயி" என்றார்.

"கிறுக்குப் புடிச்சிருக்காண்ணே? அம்புட்டுப் பாடுபட்டு வந்த வேலை!"

"ஆமா, வந்துச்சு. என்னாலயும் முடியும்னு தெரிஞ்சு போச்சுல்ல. அது போதும். பாப்பாட்ட அப்பா வாரேன்னு சொல்லிட்டேன். டிபெண்டன்ட்டாவே போறேன்."

எனக்கு அழுகையாக வந்தது. பசுமலை மண்டபத்தில் கேட்ட அந்தக் குரல்களை அவர் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டதாக அப்போது நினைத்தேன். விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனபோதுகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

இப்போது ரெக்கார்டிங் அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் அங்கிருந்து மெட்டு அனுப்புவார். அயர்லாந்து மழையும் பாப்பாவின் டிபன் டப்பாவும் பல்லவியில் வரும். இங்கே பாடுகிறவர்களை இப்போதெல்லாம் ஒன்றாக நிறுத்தித்தான் பாட வைக்கிறேன். போன வாரம் பேசும்போது ஒரு சங்கதி சொன்னார். பாப்பாவைக் கூப்பிடப் பள்ளிக்கூட வாசலுக்குப் போயிருக்கிறார். இவர் யார் என்று டீச்சர் கேட்க, பாப்பா அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க அப்பா. எங்க அம்மா கூட்டிட்டு வந்தாங்க" என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். ஐயோ என்றேன் நான். அவரோ சிரித்தார்.

"எந்த வார்த்தைக்குப் பயந்து நாயா பேயா அலைஞ்சேனோ, அதை எம்மகளே சொல்லிட்டா. என்னைய ஒண்ணுமே செய்யல தாயி. சந்தோசமாத்தேன் இருந்துச்சு" என்றார். நான் போனை வைக்கப் போனேன், அவர் விடவில்லை.

"அவளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்து, புதுசா மொளச்சிருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது. அம்புட்டு நாளும் போன்ல வாய மூடிக்கிட்டே சிரிச்சிருக்கா" என்றார்.