கிரைண்டர் இழுத்த கரண்ட்

பூனாவை ஒட்டிய ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் முப்பது வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். உருப்படி ஒரு மயிரிழை கனம் கூடியிருந்தாலும் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிற வேலை. எனக்குக் கண்டிப்பானவன் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஓய்வுபெற்று வந்த பணத்தில் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டேன். மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்க அலைய வேண்டும் என்று, படிக்கட்டுக்கு அடியில் ஒரு சப் மீட்டரை மாட்டிவிட்டேன். வீடு முழுவதற்கும் ஒரே பில் வரும். சப் மீட்டர் காட்டுகிற யூனிட்டுக்கு மாடிக்காரர் என்னிடம் பணம் தர வேண்டும். யூனிட் என்ன விலை என்பதை நான் சொல்வேன்.

என் சின்னத்தனம் அங்கேயே தொடங்கிவிட்டது. மின்வாரியத்தில் யூனிட் கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறும். குறைவாகச் செலவழிக்கிற வீட்டுக்குக் குறைந்த விலை. நான் மாடிக்காரருக்கு முதல் யூனிட்டிலிருந்தே மேல்படி விலையைப் போட்டேன். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருப்பதால்தானே பில் மேல்படிக்குப் போகிறது, அதற்குக் காரணம் மேலே இருப்பவர்தானே என்பது என் நியாயம். கட்டணம் உயர்ந்தது என்று பேப்பரில் வந்தால் மறுநாள் காலையில் படியேறிவிடுவேன். வாரியம் ஒரு ரூபாய் ஏற்றினால் நான் இரண்டு ரூபாய் ஏற்றுவேன். அந்த இரண்டாவது ரூபாய்க்கு மீட்டர் தேய்மானம் என்று பெயர் வைத்திருந்தேன். மீட்டர் எப்படி ஐயா தேயும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

போன வருடத்துக்கு முந்தைய கோடையில் மாடிக்கு ஒரு தேனிக் குடும்பம் வந்தது. கணவன் சிஞ்ச்வட்டில் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை. அந்தப் பெண், அதாவது குழந்தையின் அம்மா, ஊரிலிருந்து வரும்போதே ஒரு கிரைண்டரை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். வந்த ஒரு மாதத்துக்குள் இட்லி மாவு விற்கத் தொடங்கினாள். சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள், மெஸ் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போன பையன்கள், பிறகு இட்லி மாவை 'இட்லிச்ச பீட்' என்று கேட்டுக்கொண்டு மராத்திப் பெண்கள் என்று மாலையானால் படிக்கட்டில் ஆள் நடமாட்டம்தான். எங்களுக்கு வாரம் இரண்டு முறை மாவு வரும். காசு கொடுத்தால் வாங்க மாட்டாள். மாவு பூப்போல இருக்கும். கணவன் சம்பளம் வாடகைக்கும் ஊருக்கு அனுப்பவும் சரியாகிவிடும், குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் தன் மாவுக் காசுதான் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பாள் என் மனைவி.

அந்த மழைக்காலத்தில் எங்கள் தண்ணீர் மோட்டாரின் வயர் ஈரத்தில் கருகிவிட்டது. மேலே தொட்டி காலி. முனிசிபாலிட்டித் தண்ணீர் காலையில் ஒன்றரை மணி நேரம்தான் வரும், அதற்குள் ஏற்றியாக வேண்டும். வந்த வயர்மேன் எந்த லைனிலிருந்து கொடுக்கட்டும் என்று கேட்டார். எது பக்கமோ அதிலிருந்து கொடு, சீக்கிரம் முடி என்று மராத்தியில் அவரை விரட்டியவன் நான்தான். அவர் எதில் கொடுத்தார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. ஊரார் உருப்படியையெல்லாம் கண்ணாடி போட்டுப் பார்த்தவன், சொந்த வீட்டு வயரைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் மாடி மீட்டர் ஐம்பது யூனிட்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. என் பங்கு அதே அளவு குறைந்திருந்தது. நான்தான் அந்த மாதம் பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டிருந்தேனே! அதனால்தான் குறைந்தது என்று நடைப்பயிற்சிக்கு வருகிற நண்பர்களிடம் தம்பட்டம் அடித்தேன். இரண்டு பேர் என் பேச்சைக் கேட்டு எல்இடி வாங்கினார்கள்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஒரு ஃபேன், இரண்டு லைட், டிவி, இவ்வளவுதானே ஐயா, எப்படி ஏறுகிறது என்றாள்.

"கிரைண்டர்தாம்மா இழுக்குது. மீட்டர் பொய் சொல்லாது," என்றேன்.

மீட்டர் பொய் சொல்லவில்லைதான். கிரைண்டரின் அடியில் அது எத்தனை வாட் என்று தகட்டில் பொறித்திருக்கும். அதை ஒரு நாளைக்கு ஓடும் நேரத்தால் பெருக்கினால் மாதம் எத்தனை யூனிட் இழுக்கும் என்று தெரிந்துவிடும். ஒரு நிமிடக் கணக்கு. வேலையில் இருந்தபோது இதைவிடப் பெரிய கணக்கெல்லாம் மனத்திலேயே போட்டவன் நான். இதைப் போடத் தோன்றவில்லை. குற்றவாளி மாடியில் இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன், பிறகு எதற்குக் கணக்கு?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் பழி கிரைண்டர்மேல் விழுந்தது. அவள் அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஃபேனை நிறுத்திவிட்டு வாசல்படியில் குழந்தையுடன் உட்கார்ந்திருப்பாள். மீட்டர் பெரிதாக இறங்கவில்லை. இந்த நேரத்தில் மறுபடியும் கட்டணம் ஏறியது. நான் வழக்கம்போலப் படியேறினேன். இந்த முறை புதிதாக ஒன்றும் சொன்னேன். வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்வது தப்பு, யாராவது வந்து பார்த்தால் அபராதம் என் தலையில் விழும், ஆகவே மாவு அரைப்பதானால் கடைக்காரர்கள் கொடுக்கிற விலையை யூனிட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். கணவன் அங்கேதான் நின்றிருந்தான். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். நான் கீழே வந்த பிறகு மாடியில் சத்தமாகப் பேச்சுக் கேட்டது. குடும்பத்துக்குள் ஆயிரம் இருக்கும் என்று டிவியைப் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே சிஞ்ச்வட்டில் மெஸ் நடத்துகிற ஒருவர் ஆட்டோ கொண்டுவந்து கிரைண்டரை விலைக்கு எடுத்துப்போனார். கல்லைத் தனியாக ஒரு பழைய சேலையில் சுற்றி அவளே இறக்கிக் கொடுத்தாள். அடுத்த மாதத்திலிருந்து ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை. குழந்தை பள்ளி விட்டு வந்து உங்கள் வீட்டில் இருக்கட்டுமா என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டாள்.

வேலைக்குச் சேருமுன் ஒரு கல்யாணத்துக்காக மூவரும் ஊருக்குப் போனார்கள். மாடி பூட்டிக் கிடந்தது. ஒருநாள் காலை மோட்டாரைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, கரண்ட் ஓடினால் மட்டும் மின்னுகிற சப் மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தினேன். விளக்கு நின்றது. போட்டேன். மின்னியது. நான்கைந்து முறை போட்டுப் போட்டு நிறுத்தினேன். ஒரு முறை பார்த்தாலே போதும் என்பது எனக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, நான் படிக்கட்டுக்கு அடியில் அப்படியே நின்றேன். என் குளியலுக்கும் என் துளசிக்கும் என் ஸ்கூட்டரைக் கழுவுவதற்கும் ஆன கரண்டுக்கு ஒன்பது மாதமாக அந்தப் பெண்ணிடம் பணம் வாங்கியிருக்கிறேன். அதுவும் தேய்மானம் சேர்த்து.

உடனே அவளுக்கு ஃபோன் செய்திருக்க வேண்டும். வயர்மேனுக்குத்தான் செய்தேன். மோட்டார் லைனை என் பக்கம் மாற்றச் சொன்னேன். அவர்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சமயம் தானாக வந்து கதவைத் தட்டியது. அடுத்த ரீடிங் எடுத்த அன்று யூனிட் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அவள் சிரித்த முகத்தோடு கீழே வந்தாள்.

"நீங்க சொன்னது சரிதாங்கய்யா. அந்தக் கிரைண்டருதான் இழுத்துருக்கு. நாந்தான் புரியாம வச்சுக்கிட்டு இருந்தேன்."

அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். "ஆமாம்மா, அதுதான்," என்றேன். இந்த இரண்டு வார்த்தைக்கு நான் வெட்கப்படுவதைப் போல வேறெதற்கும் என் ஆயுளில் வெட்கப்பட்டதில்லை. வயர் தப்பானது அவசரத்தில் நடந்த பிசகு. இது நான் தெரிந்தே, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

அதன்பின் பரிகாரம் தேடினேன். யூனிட்டுக்கு மூன்று ரூபாய் குறைத்துவிட்டேன். டிவியில் கட்டணம் ஏறுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில் இதைச் செய்தேன் என்றால் என் புத்திசாலித்தனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வேறு படி, நமக்குக் குறைகிறது என்று ஏதோ உளறினேன். இப்படி ஒரு வீட்டுக்காரர் பூனாவிலேயே கிடையாது என்று கணவன் மற்றவர்களிடம் சொன்னானாம். அந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி என் காதுக்கே வந்தது. மாலையில் அவள் களைத்துப்போய்க் கால் வீங்கி வருவாள். எங்கள் வீட்டுச் சோபாவில் தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவாள். அந்த நேரத்தில் நான் மறக்காமல் பால் வாங்கப் போய்விடுவேன்.

என் மனைவிதான் பிடித்தாள். வேலூர்க்காரி, அவளிடம் எதுவும் தப்பாது. ரேட்டைக் குறைக்கிற ஆளா நீங்கள், உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா என்று கேலியாகத்தான் ஆரம்பித்தாள். என்னால் அதற்குமேல் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இன்னா மனுசன் நீங்க. அந்தப் பொண்ணு மாவுல இட்லி துன்னுக்கினே பண்ணியிருக்கீங்க," என்றாள். பிறகு, "மேல போயி சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

மறுநாள் ஞாயிறு. வாங்கிய பணத்தையும் அதற்குமேல் கொஞ்சமும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு போனேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கணவன் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"ரேட்டு ஏத்திட்டாங்களாங்கய்யா? சொல்லுங்க, குடுத்துருவோம்."

நான் படியேறி வந்தால் அவளுக்கு வேறென்ன தோன்றும்? நின்றபடியே சொன்னேன். மோட்டார், வயர், பூட்டியிருந்த வீட்டில் மின்னிய விளக்கு, அன்றைக்கு அவளிடம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. கவரை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

"அப்ப, கிரைண்டரு இழுக்கலையாங்கய்யா?"

"இல்லம்மா."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"இத அவருகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்கய்யா. என்னால காசு பாழாப் போச்சுன்னு பேசாத பேச்செல்லாம் பேசிட்டாரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

ஷிஃப்ட் முடிந்து அவன் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். நான் உட்கார்ந்தேன்.