ஆட்சேபணை இல்லையென்று ஒரு கடிதம்

எங்கள் கிரிக்கெட் குழுவிடம் உருப்படியாக மூன்று ஸ்டம்பு கிடையாது, ஆனால் ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. பழனிக்கு உரம் எடுக்கப் போன ஒரு நாளில் நான்தான் செய்து வாங்கி வந்தேன். நடுவில் ஒரு மட்டை, சுற்றிலும் குழுவின் பெயர், அடியில் ‘செயலாளர்’. அந்தச் செயலாளர் நான். வடகவுஞ்சியில் ஓர் உரக்கடையில் உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தவன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. மட்டை பிடித்தால் பத்து ரன்னைத் தாண்டியதில்லை. ஆனாலும் பதவி பதவிதானே. கடிதம் எழுத வாய்ப்பு வந்தால் விடமாட்டேன், எழுதினால் ஸ்டாம்பு குத்தாமல் விடமாட்டேன்.

அந்த வருஷம் கோடையில் எனக்குத் தொலைக்காட்சியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. நகரங்களின் பெயரில் முதலாளிகள் குழு வைத்து, ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து நடத்தும் லீக் தொடங்கி அது இரண்டாவது வருஷம். நாட்டில் தேர்தல் நடக்கிறது, இப்போது பாதுகாப்புத் தர ஆள் இல்லை என்றார்கள். சரி, ஒரு மாதம் தள்ளி வைப்போமே என்று எவருக்காவது தோன்றியதா? லீக்கையே மூட்டை கட்டி வேறு தேசத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாட்டுக்கு நாடு ஆடும் ஆட்டங்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. லீக்கில் கையெழுத்துப் போட்டாயிற்று, சொந்த நாட்டுக்காகப் பயணம் போக முடியாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சொந்த நாட்டு டெஸ்ட்டுக்குக் கடைசி நேரத்தில் வந்து இறங்கியவர்களும் இருந்தார்கள். நான் டீக்கடையில் நின்று கத்துவேன். எதிரே தொலைக்காட்சியில் அதே லீக்தான் ஓடிக்கொண்டிருக்கும், நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“ஏன் தம்பி, ஒன்னைய யாரும் ஏலத்துல எடுக்கலேன்னு கோவமா?” என்பார் டீக்கடைக்காரர். நாலு பேர் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் ஏறும்.

என் கோபத்துக்கு ஆதாரமாக நான் தினமும் எடுத்துச் சொன்னது ஒரு தாளைப் பற்றி. ஒருவர் அந்த லீக்கில் ஆடவேண்டுமென்றால், அவருடைய நாட்டு வாரியம் ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று எழுதித் தரவேண்டும். அதற்கு என்.ஓ.சி. என்று பெயர். என்.ஓ.சி. என்றால் எங்கள் மலையில் குழந்தைக்கும் தெரியும். பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட வேண்டுமென்றாலும் அந்தத் தாளுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு ஒரு மரத்துக்குத் தராமல் இழுத்தடிக்கிறார்கள், இவர்கள் ஒரு குழுவையே தாரை வார்க்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமை. “அந்தத் தாளு மட்டும் என் கையில இருக்கட்டும், ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டேன்” என்று சொல்லித் திரிந்தேன். சொல்லும்போது எனக்கு என்ன தெரியும், பத்தே நாளில் என்னிடம் ஒருவன் அதையே கேட்டு வந்து நிற்பான் என்று.

அந்த சீசனுக்குக் கொடைக்கானலில் ஒரு பெரிய ஹோட்டல் சொந்தமாக ஒரு லீக் ஆரம்பித்தது. தங்க வருகிறவர்களுக்கு சாயங்காலம் பொழுது போகவேண்டும், அவ்வளவுதான் காரணம். நாலு குழு, நாலு நிறத்தில் ஜெர்சி, மைக்கில் இங்கிலீஷ் வர்ணனை. சுற்றுவட்டாரத்தில் நன்றாக ஆடுகிறவர்களைத் தேடிப் பிடித்தார்கள். விதிகளைத் தொலைக்காட்சியைப் பார்த்து அப்படியே காப்பியடித்து அச்சிட்டிருந்தார்கள்போல. வேறு குழுவில் இருப்பவர் தன் குழுவின் செயலாளரிடமிருந்து என்.ஓ.சி. கொண்டுவர வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது.

எங்களுக்கும் மே மாதத்தில் ஓர் ஆட்டம் உண்டு. எதிர்ச்சரிவில் இருக்கும் ஊரோடு வருஷத்துக்கு ஒரு முறை மோதுவோம். அந்த ஊரின் பெயர் வேண்டாம், இன்னும் அவர்களோடு பேச்சுவார்த்தை இருக்கிறது. வெளியாள் சேர்க்கக் கூடாது, பதினொருவரும் ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்பது விதி. மைதானத்தின் ஒரு பக்கம் பள்ளம். அந்தப் பக்கம் தூக்கி அடித்தால் ஆறு கிடையாது, அவுட். பந்தை யார் இறங்கி எடுப்பது? மூன்று வருஷம் தொடர்ந்து தோற்றிருந்தோம், மூன்றும் நான் செயலாளராக இருந்த வருஷங்கள். இந்த வருஷம் ஜெயிக்காவிட்டால் ஸ்டாம்பைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எனக்கே தெரியும். நாட்டுப்பற்று என்று நான் டீக்கடையில் பேசியதில் பாதி இந்தப் பயம்தான். இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஜெயிக்க எங்களுக்கு இருந்த ஒரே வழி என் நண்பன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டு, மண்டபம் முகாமில் இறங்கி, எப்படியோ இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்கள். அவன் பீன்ஸ் மூட்டை தூக்கினான். லாரி வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அப்படித் தூக்கித் தூக்கித்தானோ என்னவோ, அவன் போடும் பந்து கண்ணுக்குத் தெரியாது. அவனை முதன்முதலில் குழுவில் சேர்த்தபோது, “தோட்டத்து லயத்து வீட்டுக்காரன் எப்படி ஊர்க்காரன் ஆவான்?” என்று எதிர்த்தரப்பில் கேட்டார்கள். எங்கள் தரப்பிலேயே இரண்டு பேர் கேட்டார்கள். நான்தான் சண்டை போட்டு, அவன் ரேஷன் கார்டைக் கொண்டுவந்து நடுவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவன் கடைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மடித்த தாள் ஒன்றை என் மேசைமேல் வைத்தான்.

“மாப்ள, இதுல ஒரு கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் குடு.”

பிரித்துப் படித்தேன். என்.ஓ.சி. ஹோட்டல் லீக்கின் முதல் ஆட்டம், எங்கள் ஆட்டம் நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை.

“ஏலே, அன்னைக்குத்தானே நம்ம மேட்ச்?”

“தெரியும் மாப்ள. ஆனா லீக்கு ஆடுறவங்களுக்கு ஓட்டல்ல வேல தர்றாங்களாம். ரூம் சோலி. கைக்காசு இல்ல, பேரு பதிஞ்ச வேல.”

பேர் பதிந்த வேலை என்பது அவன் வீட்டில் புழங்கும் சொல். தோட்டத்துப் பதிவேட்டில் பெயர் ஏறியவருக்குத்தான் நிரந்தர வேலை, மற்றவர்கள் அன்றன்றைக்குக் கைக்காசு வாங்கிப் போகிறவர்கள். இந்தப் பக்கம் வந்து இறங்கிய பிறகு அவன் வீட்டில் ஒருவருக்குக்கூட எங்கேயும் பேர் பதியவில்லை. அதை அவன் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறான். நானும் தலையாட்டிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது என் காதில் ஏறவே இல்லை.

“அங்க போயி, தங்க வந்தவங்க கை தட்டுறதுக்குப் பந்து போடப் போறியா? அவனுகளுக்கும் ஒனக்கும் என்னலே வித்தியாசம்?” என்றேன். தொலைக்காட்சியில் வரும் கோடீஸ்வரர்களையும் பீன்ஸ் மூட்டை தூக்குகிறவனையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தேன். என்ன புத்தியோ.

“ஒரு ஞாயித்துக்கெழமதான மாப்ள.”

“ஒன்னைய ஊர்க்காரன்னு சேத்தது யாரு? அன்னைக்குக் கார்டத் தூக்கிட்டு நின்னது யாரு? இப்ப ஊருக்கு ஒரு நா ஆடச் சொன்னா தாளத் தூக்கிட்டு வாற.”

அவன் தாளை எடுத்து மடித்தான். மடித்து முடித்தும் சட்டைப்பையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, “சரி மாப்ள” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மத்தியானம் டீக்கடையில் அதைச் சொல்லிப் பெருமைகூட அடித்துக்கொண்டேன்.

மறுநாள் அவன் மனைவி வந்தாள். இடுப்பில் பிள்ளை.

“அண்ணே, கையெழுத்துத்தான கேட்டாரு, சொத்தையா கேட்டாரு? அந்த மேட்ச்சு அடுத்த ஞாயித்துக்கெழம ஆடுனா ஆகாதா?”

“அதெல்லாம் மாத்த முடியாதும்மா. ரெண்டு ஊரு பேசி வச்ச தேதி.”

“இவரு பேசி வச்சாரா?”

பதில் இல்லாதபோது எரிச்சல் வரும் ஜென்மம் நான். “ஆம்பளைங்க வெளாட்டு, ஒனக்குத் தெரியாது” என்றேன். அவள் கடையில் இருந்த எல்லாரும் பார்க்கும்படி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். யூரியா கேட்டு நின்ற பெரியவர், “எழுதிக் குடுத்திருக்கலாமேப்பா” என்றார். அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே மைதானத்துக்குப் போய்விட்டோம். அவன் எல்லாருக்கும் முன்னாலேயே வந்து, ஓடிவரும் தடத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். என்னிடம் வழக்கம்போலப் பேசினான். அதுவே எனக்குப் போதும் என்று இருந்தது. பத்து மணிக்கு ஆட்டம். பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. எதிர்த்தரப்பு வரவில்லை. மஞ்சு வந்து மூடியது, விலகியது. பன்னிரண்டு மணிக்கு அவர்கள் செயலாளர் மட்டும் ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். முகம் செத்திருந்தது.

“மன்னிச்சுக்கங்க. காலைல ஒவ்வொரு வீடாப் போயிக் கூப்புடுறேன், ஆறு வீட்டுல ஆளில்ல. எல்லாம் ஓட்டல் லீக்குக்குப் போயிருச்சுக.”

“நீங்க எதுக்குங்க என்.ஓ.சி. குடுத்தீங்க?” என்று பாய்ந்தேன்.

“எது? அப்படி ஒண்ணு என்கிட்ட எவனும் கேக்கவே இல்லீங்களே.”

நடுவர் விதிப்படி வாக்-ஓவர் என்றார். மூன்று வருஷம் கழித்துக் கோப்பை எங்கள் ஊருக்கு வந்தது, ஒரு பந்துகூட வீசாமல். பையன்கள் ஒப்புக்குக் கை தட்டினார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். என் நண்பனை நடுவில் நிறுத்திக் கோப்பையை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். படம் எடுத்து முடிந்ததும் கோப்பையை என்னிடம் நீட்டி, “பிடி மாப்ள, வீட்டுல சோலி கெடக்கு” என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை கடையில் உட்கார முடியவில்லை. என்.ஓ.சி.யை நானே அழகாக எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பை ஒன்றுக்கு இரண்டாகக் குத்திக்கொண்டு பஸ் ஏறினேன். பெருமாள்மலை தாண்டியதுமே வண்டி சீசன் நெரிசலில் மாட்டிக்கொண்டது. கார் கார் காராக நின்றது. கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்தே போனேன்.

ஹோட்டல் மேனேஜர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். கடிதத்தை வாங்கிப் படித்தார், ஸ்டாம்பைப் பார்த்துச் சிரித்தார்.

“சாரிங்க, டீம் எல்லாம் சாட்டர்டேயே ஃபுல் ஆயிடுச்சு. வேலைக்கும் ஆள் எடுத்தாச்சு.”

“வெள்ளிக்கெழமையே தந்திருக்கணும். நான்தான் லேட் பண்ணிட்டேன். அவன்மேல தப்பில்ல சார்.”

“இந்த லெட்டருக்காகவா அவர் வரல?” என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “இது சும்மா ரூல்ஸ்ல ஒரு லைன் போட்டதுங்க. ஒருத்தரும் கொண்டுவரல, நாங்களும் கேக்கல. அவர் போன் பண்ணினப்பவே, லெட்டர் கெடக்கட்டும், நீங்க வாங்கன்னு சொன்னேனே. செகரட்டரி வேணாம்னுட்டாரு, வரல சார்னு சொல்லிப் போனை வச்சுட்டாரு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒவ்வொருவர்மேலாக எனக்கு எரிச்சல் வந்தது. தேதி வைத்தவர்கள்மேல், விதி அச்சடித்தவர்கள்மேல், ஊர் விட்டு ஊர் வந்து தங்கிக் கை தட்டுகிறவர்கள்மேல். எவ்வளவு பேரைத் திட்டினாலும் கடைசியில் என்னிடமே வந்து நின்றது.

இறங்கியதும் நேராக அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து, பிள்ளையின் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

“அந்த லெட்டரே தேவையில்லையாம்லே. நீ சும்மா போயிருக்கலாம்.”

“தெரியும் மாப்ள.”

“தெரிஞ்சும் ஏம்லே போகல?”

“நீதான போகக் கூடாதுன்ன” என்றான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

நான் படியிலேயே நின்றேன். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, டீ கொதிக்கும் வாசனை வந்தது. நான் எந்த நேரத்தில் போனாலும் “வாங்கண்ணே” என்று டம்ளரோடு வெளியே வருகிற அவன் மனைவி, அன்றைக்கு வரவில்லை.