மலை எறங்கிருச்சு

இது நடந்தது. பேய் என்றதும் கேலி பேசுகிறவர்கள் தாராளமாகப் பேசட்டும், ஊர் வாய்க்குப் பூட்டா போட முடியும்? ஆனால் இதை அனுபவித்தவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். கேகாலைப் பக்கம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இன்றும் கொழுந்து எடுக்கிறாள். பெயர் கிருஷ்ணகுமாரி. அவள் சொன்னதற்கு மேல் இங்கே ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அவர்களும் தூங்க வேண்டுமல்லவா?

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே றப்பர், நடுவில் தேயிலை, உச்சியில் காடு. தை மாதத்துத் தெளிந்த காலையில் உச்சியில் ஏறி நின்றால், மேற்கே வெகு தூரத்தில் கடல் மெல்லிய கோடாக மினுங்கும். பார்க்க அழகுதான். ஆனால் வைகாசி பிறந்துவிட்டால் அந்தக் கடல்தான் வினை. அங்கிருந்து கிளம்பும் மேகத்துக்கு நடுவில் தடை எதுவும் கிடையாது. நேரே வந்து இந்த மலைகளில் முட்டும். வயிற்றில் உள்ளதையெல்லாம் இங்கே கொட்டிவிட்டுத்தான் கிழக்கே நகரும். அட்டைக்கும் தவளைக்கும் கொண்டாட்டம், மனிதருக்குத் திண்டாட்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் 'மலை' என்றால் கொழுந்து எடுக்கும் இடம். மூன்றாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்பார்கள். வேலை முடிந்து பெண்கள் இறங்கி வந்தால் 'மலை எறங்கிருச்சு' என்பார்கள். பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில், ஆயாவுக்கு அந்த வார்த்தைதான் மணிக்கூடு. அது காதில் விழுந்ததும் பிள்ளைகளுக்கு முகம் கழுவி, பவுடர் பூசி, வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார வைத்துவிடுவாள். தாய்மார் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, வைகாசி. ஒரு வாரமாக விடாத மழை. கிருஷ்ணகுமாரியின் புருஷன் கொழும்பில் கடை வேலையில் இருந்தான். அவள் இரண்டு வயது மகன் நிரோஷனைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினாள். பிள்ளைக்காம்பராவும், ஆட்கள் வரிசைக் காம்பராக்களில் குடியிருக்கும் லயமும் ஓடைக்கு அந்தப் பக்கம், காட்டு மலையின் காலடியில். ஏழாம் நம்பர் மலை ஓடைக்கு இந்தப் பக்கம். நடுவில் ஏதண்ட, அதாவது ஒரு ஒற்றை மரப்பாலம். அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குப் பிறகு உச்சி நிரைக்கு வந்தபோதுதான் அதைக் கண்டாள். நேற்று நேராக இருந்த தேயிலை நிரை இன்று வளைந்து கிடந்தது. செடிகளுக்கு நடுவே நிலம் வாய் பிளந்திருந்தது. மழைத்தண்ணீர் மடமடவென்று அதற்குள் இறங்கியது, எங்கும் வெளியே வரவில்லை. அந்த வெடிப்பு எதுவரை போகிறது என்று பார்த்தாள். ஓடைத் தலைப்பைத் தாண்டி, பிள்ளைக்காம்பராவுக்கு மேலே இருந்த காட்டுக்குள் போயிருந்தது.

கங்காணி காத்தமுத்துவிடம் ஓடினாள்.

"மாமா, மேல நெர கோணிக்கிச்சுங்க. நெலம் வெடிச்சிருக்கு."

"மழைன்னா வெடிக்கத்தான் செய்யும் புள்ள."

"என் புள்ள கீழ இருக்குங்க. நான் போறேன்."

"போனா அரைப்பேருதான். அப்புறம் என்கிட்ட வந்து அழாத."

அரைநாள் சம்பளம் போனால் போகட்டும் என்று கூடையை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினாள். பிள்ளையைத் தூக்க வேண்டும். ஆயாவிடம் சொல்ல வேண்டும். மனதில் வேறொன்றும் இல்லை.

பாதி வழியில் மூடுபனி கவிந்துவிட்டது. பட்டப்பகல்தான். ஆனால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. படியெல்லாம் பாசி. காலில் அட்டை ஏறுவது தெரிந்தும் குனிந்து தட்ட நேரமில்லை. இருபுறமும் தவளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

திடீரென்று தவளைச் சத்தம் நின்றது.

ஒன்றுகூடக் கத்தவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

கீழே பனிக்குள் நிழல்கள் அசைந்தன. ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, பெண்கள் வரிசையாக ஏறி வந்தார்கள். லயத்து ஆட்கள்தான். முன்னால் வந்தவள் அழகம்மா, அடுத்த காம்பராக்காரி. கிருஷ்ணகுமாரிக்கு அப்பாடா என்றிருந்தது.

"அக்கா! மலை எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சு புள்ள."

சரி, மழைக்கு வேலையை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஆனால் வேலை முடிந்தால் கீழே அல்லவா போவார்கள்? இவர்கள் ஏன் மேலே ஏறுகிறார்கள்? கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகிறார்களாக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒருவர் கையிலும் கூடை இல்லை என்பது அப்போது அவள் கண்ணில் பட்டும் மனதில் படவில்லை.

அழகம்மா அருகில் வந்தாள். தலைமுடியெல்லாம் செம்மண். காதிலும் மண். வழுக்கி விழுந்திருப்பாள் என்று பட்டது. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அழகம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கால் வீங்கி, படுத்த படுக்கை.

"கால் சொகமாயிருச்சாக்கா?"

"இப்ப வலியில்ல."

நிற்காமல் கடந்து போனாள்.

பாதை ஒடுக்கம். கிருஷ்ணகுமாரி தேயிலைச் செடியோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். ஒவ்வொருவராகக் கடந்தார்கள். எல்லார் முகத்திலும் மண். எல்லாரும் தலையில் பிளாஸ்டிக் சீலை போட்டிருந்தார்கள். அதில் மழை விழுந்தது...

சத்தம் கேட்கவில்லை.

அவளுடைய சீலையில் படபடவென்று அடித்தது. அவர்களுடையதில் இல்லை.

கடைசியாக ஒருத்தி வந்தாள். இடுப்பில் பிள்ளை. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தலையோடு போர்த்தி, பிள்ளையையும் மூடியிருந்தாள். முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் ஒரு கால் மட்டும் வெளியே தொங்கி நனைந்துகொண்டிருந்தது.

"கால் நனையுது பாருங்க," என்றாள் கிருஷ்ணகுமாரி.

அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

பெற்றவள் கை சும்மா இருக்குமா? அந்தச் சின்னக் காலைப் பிடித்துச் சாக்குக்குள் தள்ளிவிட்டாள்.

கால் சூடாக இருந்தது.

அவர்கள் பனிக்குள் போய் மறைந்தார்கள். தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின. அவள் இறங்கி ஓடினாள்.

ஓடைக்கு வந்து சேர்ந்தபோது ஏதண்டவைக் காணவில்லை. வெள்ளம் அதை எப்போதோ அடித்துக்கொண்டு போயிருந்தது. அது இருந்த இடத்தில் செந்தண்ணீர் ஆளுயரத்துக்குப் புரண்டது.

அப்படியானால் அவர்கள் எப்படி இந்தப் பக்கம் வந்தார்கள்?

யோசிக்க நேரமில்லை. காற்றில் பனி விலகியது. அக்கரையில் பிள்ளைக்காம்பரா தெரிந்தது. அப்படியே முழுசாக. ஆயா வாசலில் நின்றாள். பிள்ளைகள் உள்ளே விளையாடுவது தெரிந்தது. கிருஷ்ணகுமாரிக்குப் போன உயிர் திரும்பியது.

தேயிலை அரைக்கும் ஸ்டோரில் நாலு மணிச் சங்கு ஊதியது.

அது ஓய்ந்ததும் ஓடையின் இரைச்சல் குறைந்தது. தண்ணீர் அவள் கண் முன்னால் வற்றியது. மழை அப்படியே பெய்துகொண்டிருக்க, ஓடை மட்டும் வற்றியது. பச்சை மண் வாசம் மூக்கில் அடித்தது.

அண்ணாந்து பார்த்தாள்.

காடு நடந்து வந்தது.

மரங்கள் சாயவில்லை. நின்றபடியே இறங்கின. மெதுவாக...

அப்போதுதான் அழகம்மா சொன்னதன் பொருள் அவளுக்கு உறைத்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஆயாம்மா! மலை எறங்குது! மலை எறங்குது!"

ஆயா கையாட்டினாள். சிரித்தாள். உள்ளே போனாள்.

பிள்ளைகளுக்கு முகம் கழுவினாள்.

"ஐயோ... மலை எறங்குது ஆயாம்மா!"

பவுடர் டப்பாவை எடுத்தாள். ஒவ்வொரு பிள்ளையாகக் கொண்டுவந்து வாங்கில் உட்கார வைத்தாள்.

கிருஷ்ணகுமாரி சேற்றில் இறங்கினாள். இடுப்புவரை புதைந்தாள். முன்னுக்கும் போக முடியவில்லை, பின்னுக்கும் வர முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். அக்கரையில் முகம் கழுவி, பவுடர் பூசி, சாவுக்குச் சோடித்துக்கொண்டிருக்கிறாளே பாவி!

வாங்கில் நிரோஷனைத் தேடினாள். காணவில்லை. உள்ளே தூங்குகிறானோ...

அந்தக் கணத்தில் எங்கிருந்தோ அந்தச் சிங்கள வார்த்தை வாயில் வந்தது. மண்சரிவுக்கு இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. அதற்கு வேறு பொருள் கிடையாது.

"நாய! நாய யனவா!"

ஆயாவின் கையிலிருந்து டப்பா விழுந்தது. திரும்பி மலையைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளை அக்குளில் இடுக்கினாள், மற்றதுகளை அதட்டி விரட்டினாள். மேட்டிலிருந்த கோயில் பாறைப் பக்கம் ஓடினாள்.

"என் புள்ள! உள்ள என் புள்ள!"

ஆயா திரும்பவில்லை.

பிறகு அந்தச் சத்தம். அதை எப்படியென்று கேட்டால் கிருஷ்ணகுமாரி இன்றும் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள்.

பிள்ளைக்காம்பரா இல்லை. லயம் இல்லை.

மழை மட்டும் பெய்தது.

அவளைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்தது காத்தமுத்துதான். அன்று இரவே தோண்டத் தொடங்கினார்கள். ஆயா பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டாள், ஆனால் மரம் விழுந்து அவளுடைய கால் முறிந்ததால் கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வாங்கில் இருந்த பிள்ளைகள் ஒன்றுவிடாமல் பிழைத்துவிட்டன. நிரோஷன் மட்டும் இல்லை.

புளத்கொகுபிட்டிய கடை முக்தார் நானா சோற்றுப் பார்சல் கொண்டுவந்து நீட்டினார். அவள் தொடவில்லை. மண்வெட்டி விழும் இடத்தையே பார்த்தபடி இருந்தாள். வாங்கு கிடைத்தது, பவுடர் டப்பா கிடைத்தது, பிள்ளை கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் அழகம்மாவை எடுத்தார்கள். அவளுடைய காம்பராவில், அவளுடைய கட்டிலில். வீங்கிய காலில் கட்டு அவிழாமல் இருந்தது. அவள் புருஷன் அழுதுகொண்டே சொன்னான். மத்தியானம் அவன்தான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தான். அவளால் எழுந்திருக்கவே முடியவில்லையாம்.

"இல்லீங்க. சங்கு ஊதறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். பேசினேன்," என்றாள் கிருஷ்ணகுமாரி.

பிள்ளையைப் பறிகொடுத்தவள், புத்தி பேதலித்துவிட்டது என்று அவளைத் தடவிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வாதாடவில்லை. அவளுக்கு இருந்த கோபமெல்லாம் ஒருத்தி மேல்தான். ஊரான் பிள்ளைகளையெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடியவள் என் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டாளே! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று கேகாலைக்கு பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரி வாட்டில் கடைசிக் கட்டில். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். இவளைக் கண்டதும் ஆயாவின் முகம் மலர்ந்தது.

"வா குமாரி! புள்ள சொகமா இருக்கானா?"

கிருஷ்ணகுமாரி கட்டிலுக்கு அருகில் வந்து நின்றாள்.

"அவன ஏன் கூட்டிட்டு வரல? நீ மட்டும் அன்னைக்கு முன்னாடியே வந்து தூக்கிட்டுப் போகலன்னா... என்னால எத்தனைய இழுத்துக்கிட்டு ஓட முடியும் சொல்லு. கடவுளாப் பாத்து உன்ன அனுப்பிருக்காரு."

"நான்... வந்தேனா?"

"என்னடி இப்படிக் கேக்குற? தொப்பலா நனைஞ்சு, முகமெல்லாம் மண்ணோட வந்து நின்ன. 'மலை எறங்கிருச்சு ஆயாம்மா'ன்ன. மத்தவங்களக் காணோமேன்னு நெனச்சேன். ஆனா அவன் உன்னக் கண்டதும் சிரிச்சுக்கிட்டே தாவிட்டான். வேத்தாளுகிட்டப் போற புள்ளயா அவன்? பின்னால அக்கரையில யாரோ கத்துனாங்க பாரு, அது யாருடி? மழையில முகம் தெரியல."

ஆயா அவள் கையைப் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"குமாரி... புள்ள எங்க?"

கிருஷ்ணகுமாரி வைதுவிட வந்த வார்த்தையெல்லாம் மறந்துபோனாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஆயாம்மா, நான் அவனத் தூக்கிக்கிட்டு எந்தப் பக்கம் போனேன்?"