ரோஸி அக்கா சொன்ன கோபாலபுரத்து வீடு

கமலா என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோது, அவள் அழுகிறாள் என்பதே முதலில் எனக்குப் புரியவில்லை. "ரோஸி அக்கா போயிட்டாங்கடி. காலையில பூசைக்குக் கெளம்பினவங்க வாசல்லயே சாஞ்சிட்டாங்க" என்றாள்.

சாந்தோமில் அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து படித்த நீங்கள் எல்லோரும் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுத உட்கார்ந்துவிட்டேனே தவிர, என்ன எழுதுவது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

அறுபதுகளின் கடைசியில் நான் பி.யு.சி. படித்தேன். மயிலாப்பூரில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில்தான் அப்பாவின் தையல் மிஷின், அதில்தான் தம்பிகளின் சண்டை. பஸ் நிறுத்தத்தில் நின்றபடி நான் படிப்பதைப் பார்த்த அக்கா, தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் டெலிபோன் ஆபரேட்டர். முன்னறையில் மேசை, மின்விசிறி, சாத்திக்கொள்ள ஒரு கதவு. கமலா அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஏன் இதெல்லாம் என்று கேட்டேன். "நான் படிக்கும்போது கோபாலபுரத்துல ஒரு அம்மா அவங்க வீட்டுல எடம் குடுத்தாங்க. அவங்களுக்குத் திருப்பிச் செய்ய முடியுமா? உனக்குச் செய்றேன். நீ வேற யாருக்காவது செய்" என்றார்.

பரீட்சை சமயத்தில் அவருடைய மாமா குடும்பத்தோடு வந்து இறங்கினார். "உள்ள புள்ளைங்க படிச்சிக்கினு இருக்குதுங்க மாமா. சமையல்கட்டுல ஒக்காருங்க" என்று அக்கா சொன்னது எங்கள் காதில் விழுந்தது. மாமா கோபித்துக்கொண்டு மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

பாஸானதும், கோபாலபுரத்து அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு வர வேண்டும் என்றேன். "அவங்க பெங்களூரோட போயிட்டாங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து அக்கா வீட்டுக்குத் திரும்பியபோது கமலாவிடம் அந்த அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தேன். "கோபாலபுரமா? தி.நகர்ல ஒரு வாத்தியார் வீடுன்னுதானே என்கிட்ட சொன்னாங்க" என்றாள். இருவரும் அக்காவின் தங்கை பிலோமினாவைக் கேட்டோம்.

"எந்த வீடும் இல்ல" என்றார் அவர். "இதே தெருவுல ஒரு பெரிய வீட்டுல, வராந்தாவுல ஒக்காந்து படிச்சுக்கட்டுமான்னு அக்கா கேட்டுச்சு. கேட்டைச் சாத்திட்டாங்க. அந்த வருஷம் இன்டர்மீடியட்டுல ஃபெயிலு. அதுக்கப்புறம் படிக்கவே இல்ல."

"அப்புறம் ஏன் எங்ககிட்ட அப்படிச் சொன்னாங்க?"

"சும்மா செய்றேன்னு சொன்னா கூச்சப்படுவீங்கன்னோ என்னவோ. எனக்கும் தெரியலம்மா. கேட்டதில்ல."

அன்றிலிருந்து குழம்பிக் கிடக்கிறேன். இத்தனை வருடமாக நான் மனத்துக்குள் நன்றி சொல்லிவந்த அந்த அம்மாவுக்கு ஒரு முகம்கூடக் கற்பித்து வைத்திருந்தேன். அவர் இல்லவே இல்லை. ஏமாந்துவிட்டதாகத் தோன்றுகிறது, அப்படித் தோன்றுவது வெட்கமாகவும் இருக்கிறது. பெறாத ஒன்றை ஒருவர் எப்படித் திருப்பிக் கொடுப்பார்? கதவைச் சாத்தியவர்கள்மேல் வந்திருக்க வேண்டிய கோபம் எங்கே போயிற்று?

அசோக் நகரில் என் வீட்டிலும் மாலையில் இரண்டு பெண்கள் வந்து படிக்கிறார்கள். நேற்று அவர்களில் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செத்துப்போனது யாரு ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"நான் படிக்க எடம் குடுத்தவங்க."

"அவங்களுக்கு யாரு குடுத்தாங்க?"

'கோபாலபுரத்துல ஒரு அம்மா' என்ற வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "யாரும் குடுக்கல" என்றேன்.

அவளுக்கும் அது புரியவில்லை. புத்தகத்தைத் திறந்தாள். அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, காரணம் பிடிபடாத இந்த ஒரு வழக்கம்தான். அதை நான் விடப்போவதில்லை.