ரேடியோகிராமுக்குப் பொட்டு வைத்தது யார்?

அருள், லில்லி... இந்த வாரப் பத்தியை, பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். வழக்கமாகப் படிக்கிறவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, இறந்த பிறகு, ரப்பர் தோட்டத்து வீட்டிலிருந்து பாக்கார் ஆராங்கில் இருக்கும் நம் வீட்டுக்கு நாம் கொண்டுவந்த ஒரே பெரிய சாமான் அந்த ரேடியோகிராம். நான்கு கால். முன்பக்கம் ரேடியோ. மேல் மூடியைத் திறந்தால் இசைத்தட்டு சுழலும் இடம். ஆனால், மூடியை யார் திறந்தார்கள்? அதன் மேல்தானே திரு இருதய ஆண்டவர் படம், மெழுகுவர்த்தி, பூச்சாடி எல்லாம்! உயரமும் அகலமும் இவ்வளவு பொருத்தமாக ஒரு மேசை கிடைத்தால் கத்தோலிக்க வீட்டில் விடுவார்களா? ஆண்டவரை இறக்கிவிட்டுப் பாட்டுப் போட யாருக்கும் துணிவில்லை.

"இது துரை கொடுத்தது" என்பார் தாத்தா. துரை என்றால் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்கார மேலாளர். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நானும் அதையேதான் சொல்லிவந்தேன்.

போன மாதம் சுவருக்குச் சாயம் அடிக்கப் படத்தை இறக்கினோம். விரிப்பை எடுத்தோம். மூடியின் முன் ஓரத்தில் காய்ந்துபோன சந்தனம்... அதன் நடுவில் குங்குமப் பொட்டு!

"என்னங்க, துரை ஆயுத பூசையெல்லாம் செஞ்சாரா?" என்று கேட்டார் உங்கள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொருவர் பொருள் என்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றேன். லில்லி, நீ பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "குடுக்காதீங்கப்பா!" என்று அழுதாயே, நினைவிருக்கிறதா?

சிடாம் கிரியில் இருக்கும் உங்கள் அத்தையிடம் போனேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெட்டி வந்தபோது நான் பட்டணத்தில் வேலையில் இருந்தேன். தாத்தாவோடு இருந்தது அக்காதான்.

"சந்தனம் குங்குமமா? அப்போ தோட்டத்து லோரி ஓட்டுன முனியாண்டி அண்ணன்தான்டா! ஆயுத பூசை வந்தா லோரி, சைக்கிள், தையல் மெஷின், ஒண்ணை விடமாட்டாரு. எங்க வீட்டு நாய் ஓடிப் போச்சு. இல்லன்னா அதுக்கும் வச்சிருப்பாரு லா!"

முனியாண்டி அண்ணன் இப்போது பாடாங் செராயில், மகன் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார். போய் விஷயத்தைச் சொன்னதும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"தொர சீமைக்குப் போறப்ப எங்கிட்ட குடுத்தாரு தம்பி. நாங்க இங்க மாறி வந்தப்ப, பெட்டி இந்தப் படியில ஏறல. நான் மேல, உங்க அப்பா கீழ, பெட்டி நடுவுல! ஏத்தவும் முடியல, எறக்கவும் முடியல. கடைக்கு வந்த சனமெல்லாம் வேடிக்கை பாக்குது. 'அந்தோணி, நீயே எடுத்துட்டுப் போ'ன்னு குடுத்துட்டேன்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி தனம் அக்கா கரண்டியோடு வந்தார். "குடுத்துட்டீங்களா? 'அந்தோணி வீட்டுல இருக்கு, அப்புறம் எடுத்துக்கலாம்'னுதானே எங்கிட்ட இத்தனை வருசமா சொன்னீங்க?"

அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"அக்கா, நீங்களே வந்து பாருங்க. வேணும்னா லோரி பிடிச்சு நானே அனுப்பி வைக்கிறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். படம் அதற்குள் பழைய இடத்துக்கு ஏறியிருந்தது. தனம் அக்கா நேராகப் போய்ப் பெட்டி முன்னால் நின்றார். லில்லி, நீ என் கையை நசுக்கினாய்.

"இதே எடத்துலதான் எங்க முருகன் படம் இருந்துச்சு" என்றார் அக்கா. "நாங்களும் மூடியத் தொறந்ததே இல்ல. சாமிய எறக்கிட்டு எப்படிப் பாட்டுப் போடுறது?"

"தொரையாச்சும் போட்டாரா?" என்று கேட்டார் உங்கள் அம்மா.

"எங்க! அவரு அதுமேல பிராந்தி போத்தலா அடுக்கி வச்சிருந்தாரு" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். வீடே சிரித்தது. அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்க ஆண்டவரு நல்லா வசதியா உக்காந்துட்டாரு. அவரப் போயி எழுப்புவேனா? இங்கயே இருக்கட்டும் லா" என்றவர், அண்ணன் பக்கம் திரும்பினார். "இப்பதான் நான் குடுக்குறேன். நீங்க குடுத்தது கணக்குல வராது!"

லில்லி, நீ குதித்த குதியில் பூச்சாடி விழப் பார்த்தது.

தாத்தா பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. துரை கொடுத்தது உண்மைதான். நடுவில் இருந்தவரை மட்டும் வழியிலேயே இறக்கிவிட்டார். பல குடும்பக் கதைகள் இப்படித்தான்... வண்டியில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் நினைவில் இருப்பார். வண்டியை ஓட்டியவர்?

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். இது யார் யாரிடம் இருந்தது என்று பின்பலகையில் பென்சிலால் எழுத உட்கார்ந்தேன்.

துரையின் பெயர் தெரியவில்லை. அதனால், 'முனியாண்டி – தனம்' என்றே ஆரம்பித்தேன்.