கூரை இல்லாத வண்டி

தெருவில் எல்லோரும் அவரைப் ‘பல்செட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருடமாகப் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். ஒற்றை ஜன்னல் அறை, மெழுகு உருக்க ஒரு விளக்கு, அச்செடுத்த தாடைகள் வரிசையாக நிற்கும் பலகை. ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது அவர் கைவேலையால்தான். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தாறு வயதில் கார் வாங்கப் போகிறார். அதுவும் எப்படிப்பட்ட கார்? இரண்டே பேர் உட்காரலாம். கான்வாஸ் கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் தலைக்கு மேல் வானம்தான். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டி, புதுப்பித்து வைத்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா?

“என்ன அத்தான், பல்லு விழுற வயசுல பல்லக்கு கேக்குதா?” என்றான் மனைவியின் தம்பி. “கறுப்புக் கண்ணாடி வாங்கியாச்சா? இல்ல, அது நான் வாங்கித் தரணுமா?”

“வாங்கிட்டு வாடா” என்று மட்டும் சொன்னார் அவர். அதற்கு மேல் வாயைத் திறந்தால் மனைவியின் ரகசியம் வெளியே வந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் அவள் போன வாடகைக் கார் தலைகுப்புறக் கவிழ்ந்தது. கதவுகள் இறுகிக்கொண்டன. நசுங்கிய கூரை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்தாள். உடைந்த இடுப்பு எலும்பு கூடிவிட்டது, மனசு கூடவில்லை. அன்றிலிருந்து வண்டிக் கதவு மூடினால் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். பஸ்ஸும் அப்படித்தான், ரயிலும் அப்படித்தான். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார இடுப்பு இடம் கொடுக்காது.

“இடுப்பு வலின்னே சொல்லிக்கலாங்க. பைத்தியம்னு பேரு கட்டிடுவாங்க” என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள்.

முன்னூறு கிலோமீட்டர் தள்ளி ஒரே மகள், தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாய் வீட்டுக்கும் வர முடியவில்லை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. கரை வந்து சேர மூன்று மாதம் ஆகும். சாயங்காலமானால் போன் வந்துவிடும். “அம்மா, நீ எதுவும் செய்ய வேணாம். வந்து பக்கத்துல உக்காரு, போதும்.” பேசிவிட்டு வைத்ததும் அந்தத் தாய் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று நினைப்பு. பாவம், முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்குக் கேட்காமலா போகும்?

இந்த நிலையில்தான் இரண்டு தெரு தள்ளியிருந்த பட்டறையில் அந்தக் கார் அவர் கண்ணில் பட்டது. மறுநாளே மனைவியை நடத்திக் கூட்டிப் போனார்.

கரும்பச்சை நிறம். முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. “இஞ்ஜின், சீட்டு, கூரைத் துணி எல்லாமே ரெண்டு வருஷ உழைப்பு சார்” என்றார் பட்டறைக்காரர்.

அவள் தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தாள். அவளாகவே சொன்னாள்: “கதவை மூடுங்க.”

மூடினார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

“ஏங்க... மூச்சு வருதுங்க.”

அந்த ஒரு வார்த்தைக்கு உலகத்தையே எழுதிக் கொடுத்திருப்பார் அவர். தாங்க முடியாமல் குனிந்து, கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பாகத்தைக் குழந்தையைத் தடவுவதுபோல் தடவினார். விரல் நின்றது. நகத்தால் தட்டினார். மீண்டும் தட்டினார். இரும்புக்கும் பூச்சுக்கும் சத்தத்திலேயே வித்தியாசம் சொல்லும் காது அது.

பல்செட்டுக்குக் கம்பி வெட்டும்போது கீழே சிந்தும் துணுக்குகளைப் பொறுக்கச் சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பார். கதவில் வைத்தார், ஒட்டிக்கொண்டது. கதவுக்கு அடியில் வைத்தார், தரையில் விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தார். அங்கும் விழுந்தது.

பட்டறைக்காரரைத் தனியே அழைத்தார். “உள்ள இரும்பு இல்ல. வெறும் பட்டிமாவு பூசி மேல பெயிண்ட் அடிச்சிருக்கீங்க.”

பட்டறைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. “நான் வாங்கும்போதே துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருந்துச்சு சார். வெட்டினா என்ன ஆகுமோன்னு பயந்து மூடிட்டேன். கூரை இல்லாத வண்டிக்கு அதுதான் முதுகெலும்பு. அது போச்சுன்னா...”

“போச்சுன்னா?”

“பெரிய பள்ளத்துல இறங்கினா வண்டி நடுவுல மடங்கும். ரெண்டு கதவும் இறுகிக்கும்.”

கதவு இறுகிக்கொள்ளும்! தெய்வமே, வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா அந்த மனிதருக்கு?

திரும்பி வந்தார். “இறங்கும்மா. கலர் எனக்குப் பிடிக்கல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நான் எடுத்துக் குடுத்த சட்டையத்தானே இத்தனை வருஷமா போட்டுக்கறீங்க? என்னைக்கு நீங்க கலர் பாத்தீங்க? உண்மையச் சொல்லுங்க.”

சொன்னார். அவள் அழவில்லை. மெதுவாக இறங்கினாள்.

“வெட்டி எடுத்து வெல்டு வெக்க எத்தனை நாள் ஆகும் அண்ணே?”

“ஒழுங்கா செஞ்சா ரெண்டு மாசம் ஆகும்மா.”

பிரசவத்துக்கு இருந்தது ஐந்து வாரம்.

“வாங்கிடுங்க” என்றாள் கணவரிடம். “இத விட்டா நான் ஏறுற மாதிரி இன்னொரு வண்டிய எங்க தேடுவீங்க? நீங்க பொண்ணுகிட்டப் போங்க. ரெண்டு பேர்ல ஒருத்தராவது கூட இருக்கணும். நான் தினமும் இங்க வந்து பக்கத்துல உக்காந்து பாப்பேன். கோவிச்சுக்காதீங்க அண்ணே, இன்னொரு வாட்டி பட்டி பூச விடமாட்டேன்.”

“பூசினா என் கைய வெட்டும்மா” என்றார் பட்டறைக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டே.

அவர் மட்டும் மகள் வீட்டுக்குப் போனார். பிரசவத்துக்குள் கார் தயாராகாது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. “கார் தயாராகுது. அம்மா பின்னாடியே வருவா” என்றார். ஒவ்வொரு நாளும் அதையே சொன்னார்.

டாக்டர் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் முன்பே வலி வந்துவிட்டது. நடுப்பகல். பிரசவ அறை வாசலில், தள்ளுகட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் கதறினாள். “அப்பா, அம்மாக்குப் போன் போடுங்க!”

போட்டார். ஸ்பீக்கரை அழுத்தி, போனை அவள் காதருகே பிடித்தார்.

“எங்க இருக்கம்மா?”

“வந்துக்கிட்டே இருக்கேன் கண்ணு. கார்லதான்டா உக்காந்திருக்கேன்.”

அந்தக் குரலுக்குப் பின்னால் இரும்பின் மேல் சுத்தியல் விழும் சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. டங்... டங்... பிறகு யாரோ கைகாட்டியதுபோல் சட்டென்று நின்றது. சக்கரம் கழற்றிய வண்டிக்குள் அவள் உட்கார்ந்திருப்பது கண்முன் தெரிந்தது.

வலியில் மகளுக்கு அந்தச் சத்தம் உறைக்கவில்லை. “அம்மா எவ்ளோ தூரம்ப்பா வந்திருப்பா?”

அவர் போனை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “பாதி வழி தாண்டிட்டாம்மா.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கதவு சாத்தப்பட்டது.

“உள்ள போயிட்டாளா?” போனில் மனைவி கேட்டாள்.

“போயிட்டா.”

“வெச்சுடாதீங்க.”

அவர் வைக்கவில்லை. மூடிய கதவருகே போய், அதன் மேல் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.